காளான் பூத்த அடுப்பும் விளாமர நிழலும்



வறுமையைப் பாடிய புலவர் பலர். அவருள் பெருந்தலைச் சாத்தனார் காட்டும் அடுப்பு தமிழ் படித்தோர் நெஞ்சை விட்டு அகலாதது. குமணனிடம் தம் நிலையை எடுத்துரைக்கும் புறநானூற்று 164ஆம் பாட்டில், சமைத்தலையே மறந்துவிட்ட தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதாக அவர் கூறுகின்றார். ஆம்பி என்பது காளான். நெருப்பு எரிய வேண்டிய இடத்தில் ஈரம் படிந்து காளான் பூத்துவிட்டது என்னும் அந்த ஒரு செய்தியே, அவ்வீட்டில் உலை வைத்துப் பன்னாள் ஆயிற்று என்பதை உணர்த்திவிடுகின்றது. பின்வந்தோர் வழக்கிலும் காளானுக்குப் பெருமை சேரவில்லை. திடீரென்று தோன்றி மறைவதனை 'நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான்' என்று எள்ளுவதே உலக வழக்காயிற்று.

ஆனால் அதே காளானைத் தேடி, கோடை மழை பெய்த மறுநாள் விடியலில் கூடையோடு புதர்க்காட்டுக்குள் நுழைகின்ற மக்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்றும் உள்ளனர். அவர்களுக்குக் காளான் பசியின் அடையாளம் அன்று, அன்றைய குழம்பு. அடுப்பில் பூத்தால் வறுமை, காட்டில் பூத்தால் உணவு என்னும் இந்த வேறுபாட்டைச் சங்கப் பாட்டு அறிந்திருந்ததா, அறிந்திருந்தது எனில் பின்னர் எங்கே மறந்துபோயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

அடைத்த கதவு

இவ்வினாவுக்கு விடை தேட வேறு நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் இரண்டு ஆற்றுப்படைகள் இந்தக் கடற்கரை நாட்டையே தம் களமாகக் கொண்டவை. ஒன்று நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. அதன் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, இன்றைய திண்டிவனம், மரக்காணம் பகுதிகளைச் சூழ்ந்தது. மற்றொன்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. அது காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகின்றது. அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரமே என்று கொள்ளும் ஆய்வாளரும் உண்டு.

சிறுபாணாற்றுப்படையில் பரிசில் பெற்று மீளும் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லும் பகுதி பலரும் அறிந்ததே. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய மடியைக் கவ்வ, அது பொறாமல் ஈன்ற நாய் குரைக்கின்ற அட்டில். அதன் பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கின்றது. அரித்த புழுதியில் உட்டுளை உடைய காளான் பூத்திருக்கின்றது. பசியால் இடை மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகின்றாள், உப்பின்றி வேகவைக்கின்றாள். பின்னர், அறியாதோர் கண்டுவிடுவரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு இருந்து உண்கின்றாள்.

இங்கே கறையானும் புழுதியும் காளானும் ஒன்றன்பின் ஒன்றாக வருதலைக் கருதுதல் வேண்டும். புலவர் இவற்றை உவமைக்காக எங்கிருந்தோ திரட்டவில்லை. சுவரருகே நின்று கண்டிருக்கின்றார். எனினும் அக்காட்சியின் உயிர் காளானில் இல்லை, அடைத்த கதவில் இருக்கின்றது. விளைவிக்காத கீரையைப் பறித்து உண்பது பிறர் காணத்தகாத செயல் என்று அக்குடும்பம் எண்ணுகின்றது. ஊரோடு கூடி வாழும் குடிக்கு, தானாக முளைத்ததை உண்ணுதல் நாணமாகிவிட்டது.

திறந்த முற்றம்

பெரும்பாணாற்றுப்படைக்கு வருவோர்க்கு இதன் மறுபக்கம் தெரியும். அங்கே எயினர் குடியிருப்பு ஒன்று வருகின்றது. ஈந்தின் இலையால் வேய்ந்த அக்குடில்கள் முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுகின்றன. ஈந்து என்பது இன்றைய ஈச்ச மரம். பிள்ளை பெற்றவள் மான்தோலில் குழந்தையோடு கிடக்கின்றாள். ஏனைய எயிற்றியர் இரும்புப் பூண் கட்டிய, உளிபோல் வாயுடைய கோல்களோடு புறப்படுகின்றனர். கரம்பு நிலத்தைக் குத்திக் கிளறிப் புழுதியில் குளித்து, நுண்ணிய புல்லரிசியை எடுக்கின்றனர். அது எறும்புகள் நிலத்துக்கடியில் சேர்த்து வைத்தது என்பது உரை விளக்கம். விளாமர நிழலில் உள்ள முற்றத்தில், தரையில் பதித்த உரலில் அதனை இட்டுக் குறுகிய உலக்கையால் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து, வாய் முரிந்த பழம்பானையை உடைந்த அடுப்பில் ஏற்றி, உலர்ந்த ஊனோடு சமைக்கின்றனர்.

பானை உடைந்தது; அடுப்பு உடைந்தது; நீர் உவர்ப்பது. பொருளளவில் நோக்கின், சிறுபாணனின் வீட்டுக்கும் இதற்கும் ஏற்றத்தாழ்வு பெரிதில்லை. ஆயினும் இங்கே எவரும் கதவை அடைக்கவில்லை. வழிச்செல்லும் பாணனும் அவன் சுற்றமும் வந்து நின்றால், தெய்வத்திற்குப் படைப்பதுபோலத் தேக்கிலையில் குவித்து நிறைய இடுவர் என்கின்றார் புலவர். பேரரசன் ஒருவனிடம் செல்லும் வழியில் பாணனுக்கு முன்னதாகச் சோறிடுபவள், நிலத்தைக் கிளறிப் பிழைக்கும் எயிற்றி. ஆற்றுப்படையின் இலக்கணத்தில் அவள் இரவலர் வரிசையில் இல்லை. புரவலர் வரிசையில் நிற்கின்றாள்.

ஆகவே சங்கப் பாட்டு இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது எனலாம். காட்டில் தேடி உண்ணும் வாழ்வை அது வறுமை என்று எழுதவில்லை. தேடி உண்பதற்கு நாணும் நிலையையே வறுமை என்று எழுதிற்று.

களாவும் துடரியும் நாவலும்

பசி தீர்ப்பதற்கு மட்டுமன்றி, நாவின் விருப்பத்திற்காகவும் காட்டுப் பழம் தேடியோரைப் புறநானூற்று 177ஆம் பாட்டில் காணலாம். ஆவூர் மூலங்கிழார் மல்லி கிழான் காரியாதியைப் பாடியது அது. கள்ளுண்டு கண் சிவந்த ஆடவர் புளிப்புச் சுவையை விரும்பிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் தின்கின்றனர். அவை தெவிட்டிய பின் ஆற்று மணல்மேட்டில் ஏறி அமர்ந்து, கருத்த நாவற்கனிகளைக் கொய்து உண்கின்றனர். புளிப்புக்குப் பின் துவர்ப்பு கலந்த இனிப்பை நாடும் அந்த வரிசை, உண்டு பார்த்தவர்க்கே விளங்கக் கூடியது.

நாவல் மரம் ஆற்றங்கரையோடு நிற்கவில்லை, கடற்கரைக்கும் வந்துவிடுகின்றது. அம்மூவனார் பாடிய நற்றிணை 35ஆம் பாட்டில், அலை மோதும் மணற்கரையில் நாவற்கனி வீழ்ந்து கிடக்கின்றது. அதன் கருமை கண்டு தம் இனம் என மயங்கி வண்டுகள் மொய்க்கின்றன. நண்டு அதனைப் பற்றிக்கொள்கின்றது. கனி எது, வண்டு எது என்று தெரியாத அம்மயக்கம், நாவல் உதிர்ந்த நிலத்தைக் கண்டவர்க்கு மிகையன்று.

வகுப்பறையில் இப்பாட்டுகளைப் பயிலும் மாணவர்க்குக் கிடைப்பது என்ன? துடரி என்ற சொல்லின் எதிரே 'ஒருவகைப் பழம்' என்ற குறிப்பு. ஈந்து என்பதன் எதிரே 'ஒருவகை மரம்'. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றித் தந்தார். சொற்கள் பிழைத்தன. பொருள்கள் எங்கே உள்ளன என்பதைத் தேடும் கடமை பின்வந்தோரைச் சேர்ந்தது.

கோடைக்காட்டு நடை

அவை தொலைவில் இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கற்குன்றுகளும், அவற்றின் அடிவாரத்தில் முட்புதர்க் காடும் காணப்படும். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் இதனை வழங்குவர். சோழமண்டலக் கரைக்கே உரிய இக்காட்டில் மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிட, எஞ்சிய திங்கள்களைத் தடித்த இலைகளோடு தாங்கி நிற்கின்றன. கத்திரி வெயிலிலும் பச்சை மாறாத இக்காடு இன்று கோயிற் காடுகளாகவும் காப்புக் காடுகளாகவும் துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது.

வைகாசி, ஆனித் திங்கள்களில் இக்காட்டுக்குள் இருளர் பெண்களோடு நடப்பவர்க்குப் 'புதர்' என்ற ஒற்றைச் சொல் உடைந்து பல பெயர்களாகப் பிரியும். முதலில் எதிர்ப்படுவது களா. காய் பசுமை நீங்கிச் சிவந்து, பின் கறுக்கும். இணை இணையாக நிற்கும் அதன் முட்களுக்கிடையே விரலை நேராக நீட்டினால் குருதி வரும். முள்ளின் போக்கிலேயே கையை விட்டு, அப்போக்கிலேயே மீட்க வேண்டும். பறித்த காம்பில் பால் கசியும். அடுத்தது மஞ்சளாகக் கனியும் காரை. அதற்கப்பால் உலக்கைப்பாலை. அதன் சிறு மஞ்சள் கனி தேன்போல் இனிக்கும். ஆனால் கனியிலுள்ள பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். தரையோடு தரையாக நிற்கும் சிற்றீச்சையில் கருத்த பழக்குலைகள் தொங்கும். சதை மெல்லியது, கொட்டை பெரியது. ஆயினும் பிள்ளைகள் விடுவதில்லை. இதன் இலையே எயினர் குடில்களை வேய்ந்த ஈந்தின் இனத்தது. துடரியைத் தொடரி என்றும் அகராதிகள் குறிக்கும். இலந்தையின் இனமாகிய அம்முட்செடியின் உறவான சூரை, கொக்கி முள்ளால் ஆடையைப் பற்றி இழுத்து, பெயர்ப் பொருத்தத்தைத் தானே விளக்கிவிடும். அதன் பழம் கோடையில் இல்லை. குளிர்காலத்தில் வர வேண்டும். பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் நாவல் ஆனி பிறந்ததும் உதிரத் தொடங்கும்.

எந்தப் பழம் எந்தத் திங்களில், எந்தச் சரிவில் என்ற இவ்வறிவு எழுத்தில் இல்லை. அது காலில் உள்ளது.

புற்று என்னும் களஞ்சியம்

கோடை இடியோடு ஒரு மழை பெய்துவிட்டால், மறுநாள் தேடல் பழத்திலிருந்து புற்றுக்கு மாறும். புற்றுக்காளான் எங்கும் முளைப்பதன்று. கறையான் காய்ந்த மரத்தையும் சருகையும் அரைத்துக் கொண்டுபோய்ப் புற்றினுள் அடை அடையாக அமைக்கின்றது. அவ்வடைகளில் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றது. கறையானால் செரிக்க இயலாததைப் பூஞ்சை பக்குவம் செய்து தர, கறையான் அதனை உண்கின்றது. மழை ஈரம் இறங்கியதும் அப்பூஞ்சை வேர்போன்ற நீண்ட தண்டினை மேல்நோக்கிச் செலுத்தி, மண்ணைப் பிளந்து குடை விரிக்கின்றது. அறிவியலார் டெர்மிட்டோமைசீஸ் என்று பெயரிட்ட இவ்வினம் கறையானின் துணையின்றி வாழ்வதில்லை. மொட்டுக்காளானும் சிப்பிக்காளானும் பால்காளானும் பண்ணைகளில் விளைகின்றன. புற்றுக்காளான் சந்தைக்கென இன்றும் பண்ணைக்குள் அடங்கவில்லை. எனவே அதனைப் பறிப்போர் புற்றை உடைப்பதில்லை. புற்று அழிந்தால் அவ்விடத்தில் மறு ஆண்டுக் காளானும் இல்லை.

நஞ்சுக் காளானும் அம்மழைக்கே முளைக்கும். வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்றும், புழு அரித்திருந்தால் நல்லது என்றும் ஊரார் சொல்லும் பொதுவிதிகள் உயிருக்குத் தீங்கு செய்வன. எந்தப் பொதுவிதியும் இதற்கு இல்லை. பல்லாண்டு பழகிய கண் ஒன்றே அளவுகோல். தாய் பறிக்கக் கண்டு மகள் கற்கும் இக்கல்வி ஒரு தலைமுறை விட்டுப்போனால் மீளாது.

காளான் பூத்த அதே புற்றிலிருந்து ஈசலும் கிளம்பும். கபிலர் பாரியின் பறம்பைப் பாடிய புறநானூற்று 119ஆம் பாட்டில் செம்புற்றின் ஈயல் புளித்த மோரோடு சேர்ந்து உணவாகின்றது. இன்றும் இருளர் குடியிருப்புகளில் மாலை விளக்கொளியில் ஈசல் பிடித்து, வறுத்து, அரிசிப் பொரியோடு கலந்து உண்பர். அதே புற்றில்தான் நல்லபாம்பும் குடிபுகும். அதே புற்றுக்குத்தான் மஞ்சள் பூசி, பால் வார்த்து அம்மன் என்று வணங்குவதும். உணவும் அச்சமும் வழிபாடும் ஒரே மண்மேட்டில் கூடியிருக்கின்றன.

எயிற்றியின் கோலும் அழிந்துவிடவில்லை, கடப்பாரையாக உருமாறியுள்ளது. அறுவடை முடிந்த வயலில் எலி வளையைக் கண்டறிந்து தோண்டி, எலியோடு அது சேர்த்து வைத்த நெற்கதிரையும் எடுத்துவருதல் செங்கல்பட்டு இருளரின் நெடுநாள் வழக்கம். எறும்பின் சேமிப்பு எலியின் சேமிப்பாயிற்று, அவ்வளவே. பெரும்பாணாற்றுப்படையின் அவ்வடிகளுக்கு இதனினும் தெளிந்த உரை கிடைப்பது அரிது.

கதவு அடைபட்ட வரலாறு

அவ்வாறாயின் திறந்த முற்றம் எப்போது அடைத்த கதவாயிற்று? 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக் காடுகளாக வரையறுத்தபோது, பழம் பறித்தலும் கிழங்கு அகழ்தலும் அனுமதி பெற வேண்டிய செயல்களாயின. சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கும் இரயில் எஞ்சின்களுக்கும் விறகு தேவைப்பட்டதால் புதர்க்காடு வெட்டுண்டது; கடலோர மணலில் சவுக்கு வரிசை வரிசையாக எழுந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இப்பகுதி இருளர்க்கு வில்லியர் என்ற பெயரும் இருத்தலைக் குறித்துள்ளார். வில் போயிற்று, பெயர் நின்றது. பின்னர்ப் பாம்புத்தோல் வணிகம் அவர்களை ஈர்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அவ்வாயிலையும் அடைத்தன. காடு கைவிட்ட நிலையில் பல குடும்பங்கள் முன்பணக் கடனுக்குக் கட்டுண்டு அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் அடைபட்டன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பின்னரும், பல்லாண்டுகள் கழித்தும், இம்மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. 'எலி பிடிப்போர்' என்ற ஏளனம் அவர்தம் பிள்ளைகளைப் பள்ளி வரை தொடர்ந்தது. இதுவே சிறுபாணாற்றுப்படையின் அடைத்த கதவு.

ஆயினும் ஈயும் கை முற்றும் மூடவில்லை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கலாயிற்று. ராமுலஸ் விட்டேக்கர் அதன் தொடக்கத்திற்கு உறுதுணையாக நின்றார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினையும் பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அதன் முறை. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியைப் பல்லாண்டுகள் இச்சங்கமே அளித்துவந்தது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அமெரிக்க நாட்டு ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பெற்று, அங்குப் பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளுள் 13ஐ இரு வாரங்களுக்குள் கண்டுபிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தேக்கிலையில் சோறு குவித்தவளின் வழிவந்த கை, முகம் அறியாத உழவனுக்கும் உயிர் தருகின்றது.

மாசித் திங்களில் கடற்கரை

காட்டையும் கடலையும் இம்மக்கள் பிரித்துக் காண்பதில்லை என்பதற்கு மாமல்லபுரமே சான்று. ஆண்டுதோறும் மாசிமகத்தன்று வடதமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இருளர் குடும்பம் குடும்பமாக அங்கு வந்து சேர்கின்றனர். கோயிலருகே மணலில் கம்பு நட்டு, சேலைகளைக் கட்டிக் குடில் அமைக்கின்றனர். கன்னியம்மன் சினந்து கடலுக்குள் சென்றுவிட்டாள், அவளைத் தணித்து அழைத்துச் செல்லவே வருகின்றோம் என்பது அவர்கள் வழங்கும் செய்தி. முழுநிலவு கழிந்த விடியலில் மணலில் படிகள் அமைத்துப் பூசை செய்கின்றனர். திருமணங்களும் அங்கேயே நிகழ்கின்றன.

அக்குடில்களிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இரு சிற்பங்கள் உள்ளன. ஒன்று, கூரை வேய்ந்த குடிலைக் கல்லில் செதுக்கிய திரௌபதி இரதம். மற்றொன்று, அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறை. அதில் தேவர்க்கும் முனிவர்க்கும் இடையே காட்டினூடே வில்லேந்திய வேடரும் உள்ளனர். பல்லவச் சிற்பி அவர்களுக்கு இடம் தந்தான். இன்று அவ்விடங்களைக் காண வருவோர் மாசிமகத்துச் சேலைக் குடில்களை விழாக் கூட்டம் என்று மட்டுமே கண்டு செல்கின்றனர்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

திருக்கழுக்குன்றத்தில் நண்பகற் சோற்றுக்கு வந்த கழுகுகள் 1990களுக்குப் பின் வருவதில்லை. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு உள்ளது. களாவும் துடரியும் ஆம்பியும் அந்நிலையை அடைதல் கூடாது. மனைப்பிரிவுகளும் கல்குவாரிகளும் பெருஞ்சாலைகளும் புதர்க்காட்டைத் தின்றுவருகின்றன. 'தரிசு' என்று ஆவணத்தில் எழுதப்பட்ட நிலம் பலவும் உண்மையில் பழக்காடு. அதனைத் தரிசு என்று எழுதும் கைக்கும், துடரியை 'ஒருவகைப் பழம்' என்று எழுதும் கைக்கும் உறவு உண்டு. பெயர் அறியாத இடத்தில் இழப்பும் தெரிவதில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் மரபாகத் திரட்டிவந்த சிறுவனப் பொருள்கள் மீது அவர்க்கு உரிமை உண்டு என ஏற்றுக்கொண்டது. தண்டரையில் 1986 முதல் இயங்கிவரும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவையும் நாற்றங்காலையும் பேணிவருகின்றது. சட்டமும் சங்கமும் தம் பணியைச் செய்ய, இலக்கிய வட்டங்களுக்கு உரிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. காட்டைப் பாடும் கவிஞர் ஒரு முறையேனும் கோடையில் அக்காட்டுக்குச் செல்லுதல் வேண்டும். அழைத்துச் செல்பவரை ஆசிரியராக மதித்து, அவர் வாய்ச்சொல்லைப் பெயர் பெயராகக் கேட்டு எழுதுதல் வேண்டும். அவர் நேரத்திற்கு உரிய ஊதியமும் தருதல் வேண்டும். அவ்வாறு திரட்டிய சொற்களைச் சங்கச் சொற்களோடு ஒப்பிட்டு ஒரு சிறு அகராதியேனும் செய்தல், பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டத்திற்கு அடுத்த பத்தாண்டுப் பணியாக அமையக் கூடும்.

அங்கே கையில் களாப்பழம் வைத்து ஒரு மூதாட்டி நீட்டினால், அதனை ஏழையின் பரிவு என்று எண்ணி மறுத்தல் ஆகாது. பாணன் மறுக்கவில்லை. தேக்கிலையை இரு கையாலும் ஏந்தி வாங்கினான், உண்டான், அதன் பின்னரே அரசனிடம் சென்றான்.